பியானோ, பேனா, கோல்: இளம் ரக்மானினோவின் மூன்று தொழில்கள்

மேற்கத்தியச் செவ்வியல் இசை உலகில் ஒரு இளைஞரை அறிமுகப்படுத்தும்போது ‘பியானோ கலைஞர், இசையமைப்பாளர், இசைநடத்துநர்’ என்று மூன்று பட்டங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. கேட்பவர்களும் பிறவி மேதை போலிருக்கிறது என்று தலையசைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். உண்மையில் இவை மூன்றும் ஒன்றின் நேரத்தை இன்னொன்று தின்னுகிற தனித்தனித் தொழில்கள். பியானோ வாசிப்பவருக்குத் தினமும் பல மணி நேரச் சாதகம் வேண்டும். இசையமைப்பவருக்கு யாரும் குறுக்கிடாத மாதக்கணக்கான தனிமை வேண்டும். ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துபவரோ ஒத்திகைகளிலும் மனிதர்களைச் சமாளிப்பதிலும் நாளைக் கழிக்க வேண்டும். இம்மூன்றும் ஒரே ஆளிடம் எப்படிச் சேருகின்றன, சேர்ந்தபின் என்ன ஆகின்றன என்பதற்கு ரஷ்யாவின் செர்கேய் ரக்மானினோவை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அவர் கையில் நடத்துநரின் கோலைக் கொடுத்தது திறமையைவிட ஒரு தோல்விதான் என்பதால் அந்தக் கதை கூடுதலாகக் கவனிக்கத்தக்கது.

1873இல் நோவ்கொரோத் வட்டாரத்தில் நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். தந்தை ஊதாரி; பண்ணைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின, குடும்பம் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு வாடகை வீட்டுக்குள் சுருங்கியது, தமக்கை ஒருத்தி தொண்டை அடைப்பான் நோயில் இறந்தாள், பெற்றோர் பிரிந்தார்கள். பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரி என்னும் இசைக் கல்லூரியில் சேர்க்கப்பட்ட சிறுவன் வகுப்புக்கு மட்டம் போட்டுப் பொதுப்பாடங்களில் தோற்றான். அந்த நாட்களில் அவனுக்கு ஆறுதலாக இருந்தவர் பாட்டி. தேவாலயத்துக்கு அவர் பேரனைக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே கேட்ட மணியோசை பிற்காலத்தில் அந்தப் பேரனின் இசையில் திரும்பத் திரும்ப ஒலித்தது.

1885இல், பியானோ மேதை லிஸ்ட்டிடம் பயின்ற ஒன்றுவிட்ட அண்ணன் அலெக்சாண்டர் சிலோட்டியின் யோசனைப்படி, பன்னிரண்டு வயதில் மாஸ்கோவுக்குப் பியானோ ஆசிரியர் நிக்கலாய் ஸ்வெரெவிடம் அனுப்பப்பட்டான். ஸ்வெரெவின் ஏற்பாட்டைக் குருகுலம் என்றே சொல்லலாம். மூன்று பையன்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்து, சோறு போட்டு, துணி வாங்கிக் கொடுத்து, காசு ஏதும் வாங்காமல் கற்பித்தார். காலை ஆறு மணிக்கு முறை வைத்துச் சாதகம் தொடங்கும். முதல் முறைக்காரன் தூக்கக் கலக்கத்தில் தப்புத் தப்பாக வாசித்தால் ஆசிரியர் உள்ளறையிலிருந்து வந்து நிற்பார். மாஸ்கோவில் அந்தப் பையன்களை ‘ஸ்வெரெவின் குட்டிகள்’ என்று அழைத்தார்கள். ஆசிரியரின் பெயரிலேயே ‘விலங்கு’ என்று பொருள்படும் ரஷ்யச் சொல் ஒளிந்திருந்ததால் வந்த கேலி அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டுக்கு விருந்தாளிகள் வருவார்கள். புகழ்பெற்ற இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி அவர்களில் ஒருவர்.

அந்த வீட்டில் நடந்த ஒரு பயிற்சியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். இரண்டு பியானோக்களில் நால்வர் உட்கார்ந்து, எட்டுக் கைகளுக்காக மாற்றி எழுதப்பட்ட சிம்பொனிகளை வாசிப்பது அது. ஒலிப்பதிவே இல்லாத காலம். ஒரு பேத்தோவன் சிம்பொனியை முழுதாகக் கேட்க வேண்டுமானால் அது நகரில் எப்போது நடக்கிறது என்று காத்திருக்க வேண்டும். இந்தப் பையன்களோ அதை விரல்களின் வழியாக உள்ளே வாங்கிக்கொண்டார்கள். எந்தக் குரல் மேலே வர வேண்டும், எது கீழே அடங்க வேண்டும், தன் பகுதியை வாசித்துக்கொண்டே மற்ற மூவரையும் எப்படிக் காதில் வைத்திருப்பது என்பதெல்லாம் பியானோப் பாடத்தின் பெயரிலேயே வந்து சேர்ந்தன. பின்னாளில் நடத்துநராக நின்றபோது ரக்மானினோவுக்குக் கையசைக்கத்தான் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. காது பழகியிருந்தது.

முதல் உரசலும் அந்த வீட்டிலேயே நேர்ந்தது. மூன்று மாணவர்கள் மாறி மாறிச் சாதகம் செய்யும் வீட்டில் இசையமைக்க அமைதி ஏது? 1889இல், பதினாறு வயதில், தனக்கென ஓர் அறையும் பியானோவும் வேண்டும் என்று கேட்டான். ஸ்வெரெவுக்கு அது நன்றி கெட்ட பேச்சாகப் பட்டது. அவர் வளர்க்க நினைத்தது பியானோ கலைஞனை. வாக்குவாதம் முற்றி, பையன் வெளியேறி, அத்தை வீடான சாத்தின் குடும்பத்தில் தஞ்சம் புகுந்தான். சாதகத்துக்கும் படைப்புக்கும் இடையில் அவர் வாழ்நாள் முழுவதும் அனுபவித்த இழுபறியின் முதல் காட்சி இது என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. கன்சர்வேட்டரி இயக்குநர் சஃபோனோவுடன் மனத்தாங்கல் ஏற்பட்டுச் சிலோட்டி விலகவே, இன்னோர் ஆசிரியரிடம் போக விரும்பாத ரக்மானினோவ் 1891இல் ஓராண்டு முன்னதாகவே பியானோ இறுதித்தேர்வை எழுதித் தேறினார். அடுத்த ஆண்டு இசையமைப்புத் தேர்வுக்குப் புஷ்கினின் கவிதையை ஒட்டிய ‘அலேக்கோ’ என்னும் ஓரங்க ஓபெராவை எழுதச் சொன்னார்கள். அவர் மூன்று வாரம் முடிவதற்குள் முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் எழுதி நீட்டினார். கன்சர்வேட்டரியின் மாபெரும் தங்கப் பதக்கம் கிடைத்தது. அவருக்குமுன் அதைப் பெற்றவர்கள் இரண்டே பேர். தேர்வுக்குழுவில் இருந்த ஸ்வெரெவ் பழைய கோபத்தை மறந்து, தம் தங்கக் கடிகாரத்தை — சங்கிலியில் தொங்கும் பழைய வகை — கழற்றி மாணவனிடம் கொடுத்தார். ரக்மானினோவ் அதைக் கடைசிவரை வைத்திருந்தார். 1893 வசந்தத்தில் ‘அலேக்கோ’ பல்ஷோய் அரங்கில் மேடையேறியது. அதைத் தமது ஓர் ஓபெராவோடு சேர்த்து ஒரே மாலையில் நடத்த இளைஞருக்குச் சம்மதமா என்று சாய்கோவ்ஸ்கியே கேட்டிருந்தார். இருபது வயதுக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

வேண்டியது பணம். இந்தக் காலத்து வருமானக் கணக்கைப் பார்த்தால், புகழும் கூலியும் எவ்வளவு தூரம் தள்ளி நின்றன என்பது தெரியும். 1892 இலையுதிர் காலத்தில் மாஸ்கோவில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் முதன்முதலாக அவர் வாசித்த சி ஷார்ப் மைனர் முன்னிசை, நாலே நிமிடத் துண்டு. அதையும் சேர்த்து ஐந்து துண்டுகளைப் பதிப்பாளர் குத்ஹெய்ல் துண்டுக்கு நாற்பது ரூபிள் கணக்கில் 200 ரூபிளுக்கு வாங்கிக்கொண்டார். பெர்ன் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் ரஷ்யா சேரவில்லை. வெளிநாட்டு உரிமையைப் பதிப்பாளரும் பாதுகாத்து வைக்கவில்லை. ஆகவே அந்தத் துண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுக்கு வீடு வாசிக்கப்பட்டபோது, அச்சிட்டவர்கள் சம்பாதித்தார்கள், எழுதியவருக்கு ஒரு காசு போகவில்லை. கச்சேரியின் முடிவில் ‘சி ஷார்ப்!’ என்று கத்திக் கேட்கும் கூட்டம் மட்டும் அவரை ஆயுள் முழுவதும் துரத்தியது. செலவுக்குப் பெண்கள் பள்ளியொன்றில் இசைக் கோட்பாடு கற்பித்தார். வயலின் கலைஞர் தெரெசினா துவாவுடன் சுற்றுப்பயணம் கிளம்பி, பிடிக்காமல் பாதியில் திரும்பினார். தாம் முதலில் இசையமைப்பாளர், வாசிப்பதும் கற்பிப்பதும் வயிற்றுப்பாட்டுக்கு என்றுதான் அப்போது அவர் எண்ணியிருந்தார்.

1895இல் கிராமத்துப் பண்ணையான இவானோவ்காவில் உட்கார்ந்து எழுதிய முதல் சிம்பொனி அந்த எண்ணத்தின் மொத்த முதலீடு. 1897 மார்ச்சில் பீட்டர்ஸ்பர்க்கில் அது அரங்கேறியது. நடத்தியவர் அலெக்சாண்டர் கிளாசுனோவ். இங்கே ஒரு விளக்கம் தேவை. நடத்துநர் என்றதும் நமக்குப் பேருந்துதான் முதலில் நினைவுக்கு வரும். நம் கச்சேரி மேடையிலும் அப்படியொருவர் கிடையாது. பாடகரும் பக்கவாத்தியமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே காரியத்தை முடித்துவிடுகிறார்கள். எழுபது, எண்பது பேர் எழுதிய தாளைப் பார்த்து வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவில் அது நடக்காது. வேகம் எவ்வளவு, பித்தளை வாத்தியங்கள் எவ்வளவு அடங்க வேண்டும், ஒரு சொற்றொடர் எங்கே மூச்சு விட வேண்டும் என்பதை ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். புதிய படைப்பு என்றால் அவர் முடிவே படைப்பாகிவிடும். ஏனென்றால் அவையில் எவருக்கும் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு வாசிப்பு இல்லை.

அன்றைய வாசிப்பு படுதோல்வி. ஒத்திகை போதவில்லை, கிளாசுனோவ் சில இடங்களை வெட்டியும் மாற்றியும் இருந்தார், அவர் குடித்திருந்தார் என்று ரக்மானினோவின் மனைவி வெகுகாலம் கழித்துச் சொன்னதை நம்புவோரும் உண்டு, மறுப்போரும் உண்டு. இசையமைப்பாளர் அரங்குக்குள் உட்கார முடியாமல் வளைவுப் படிக்கட்டில் போய் ஒதுங்கி, அவ்வப்போது காதைப் பொத்திக்கொண்டதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். நரகத்தில் ஓர் இசைப்பள்ளி இருந்து, அங்கே எகிப்தின் கொள்ளைநோய்களைப் பற்றி ஒரு மாணவனைச் சிம்பொனி எழுதச் சொன்னால் இப்படித்தான் எழுதுவான் என்ற பொருளில் இசையமைப்பாளரும் விமர்சகருமான செசார் கூய் எழுதினார். பீட்டர்ஸ்பர்க்காரருக்கு மாஸ்கோப் பள்ளி மீதிருந்த இளக்காரமும் அந்த மையில் கலந்திருந்தது.

சில வாரங்கள் கழித்து நண்பர் ஒருவருக்கு ரக்மானினோவ் எழுதிய கடிதம் விமர்சனத்தைவிட முக்கியமானது. இவ்வளவு திறமைசாலியான கிளாசுனோவ் எப்படி இவ்வளவு மோசமாக நடத்துகிறார் என்று அதில் வியக்கிறார். கையசைப்பு உத்தியை விட்டுவிடலாம், நடத்தும்போது அவருக்கு எதுவும் உறைப்பதாகவே தெரியவில்லை என்கிறார். பழியை முழுதும் அவர் தலையில் போட்டுவிடவும் இல்லை. முதல் ஒத்திகையிலேயே தம் சிம்பொனி தமக்குப் பிடிக்காமல் போனதுதான் அதிகம் வலித்தது என்றும் ஒப்புக்கொள்கிறார். அதன்பின் ஏறத்தாழ மூன்றாண்டுகள் பேனா ஓடவில்லை.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இந்த இடத்திலிருந்து நேராக மனநல மருத்துவர் ஒருவரிடம் தாவிவிடும். இடையில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதே 1897 இலையுதிர் காலத்தில் ரயில்வே முதலாளி சாவா மாமன்டோவ், தமது தனியார் ஓபெராக் கம்பெனிக்கு அவரைத் துணை நடத்துநராக எடுத்துக்கொண்டார். நடத்துநர் ஒருவரின் கையில் அடிபட்ட ஆறே மாதத்தில் அடிபட்டவரே கோலைப் பிடிக்கிறார். அவருக்கு அனுபவம் மிகக் குறைவு. கிளிங்காவின் ‘ஜாருக்காக ஓர் உயிர்’ ஓபெராவின் முதல் ஒத்திகையில் ஆர்க்கெஸ்ட்ரா ஒழுங்காகப் போகிறது, பாடகர்கள் மட்டும் எங்கோ போகிறார்கள். அவருக்குக் காரணம் புரியவில்லை. முதன்மை நடத்துநரான இத்தாலியர் எஸ்போசிட்டோ வந்து நின்றதும் அதே பாடகர்கள் சரியாகப் பாடுகிறார்கள். உற்றுப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது: பாடகர் எப்போது தொடங்க வேண்டும் என்று எஸ்போசிட்டோ ஒவ்வொருவருக்கும் கண்ணாலும் கையாலும் முன்கூட்டியே சாடை காட்டிக்கொண்டிருந்தார். ஓபெரா முழுவதையும் மனத்தில் வைத்திருந்த ரக்மானினோவ், பாடகர்களும் அப்படியே வைத்திருப்பார்கள் என்று நினைத்துவிட்டார். நன்றாகத் தெரிந்தவர்கள் எல்லோரும் செய்கிற பிழை இது.

கற்றுக்கொண்டது ஒரே பருவம்தான், ஆனால் தொழில் கைக்கு வந்தது. சான்-சான்ஸின் ‘சாம்சனும் டெலைலாவும்’ வழியாகப் பொதுமக்கள்முன் நடத்துநராக நின்றார். அங்கே பாடிக்கொண்டிருந்த ஷல்யாபின் உயிர்த்தோழரானார். 1898 கோடையில் ரக்மானினோவ் அருகில் இருந்து உதவ, முசோர்க்ஸ்கியின் ‘போரிஸ் கொதுனோவ்’ பாத்திரத்தை ஷல்யாபின் பாடம் பண்ணினார். பேனா ஓடாத ஆண்டுகளில் அவரை இசையோடு கட்டிவைத்தது கோல். இதற்கிடையே அந்த நாற்பது ரூபிள் முன்னிசையைச் சிலோட்டி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வாசித்துப் பரப்பியிருந்ததால், 1899 ஏப்ரலில் லண்டன் பில்ஹார்மோனிக் சங்கம் அழைத்தது. குவீன்ஸ் ஹாலில் தம் ஆர்க்கெஸ்ட்ராப் படைப்பு ஒன்றை நடத்திவிட்டுப் பியானோவும் வாசித்தார். அடுத்த முறை புதிய கான்செர்ட்டோவோடு — பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்போடு — வருவதாக வாக்குக் கொடுத்துத் திரும்பினார், எழுத முடியவில்லை.

1900 ஜனவரி முதல் ஏப்ரல் வரை மருத்துவர் நிக்கலாய் டாலிடம் தினமும் போனார். கான்செர்ட்டோவை எழுதத் தொடங்குவீர்கள், சுலபமாக எழுதுவீர்கள், அது நன்றாக அமையும் என்று பாதி உறக்கத்தில் இருந்தவரிடம் டால் நாள்தோறும் சொல்லி வந்தார். டால் தாமே ஒரு நல்ல அமெச்சூர் இசைக்கலைஞர். அறிதுயில் பாதி, இசை அறிந்த மனிதரோடு பேசியது பாதி என்று நினைக்கத் தோன்றுகிறது. அந்த ஆண்டு டிசம்பரில் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவின் பின்னிரு பகுதிகளும், 1901 நவம்பரில் சிலோட்டி நடத்த முழுப் படைப்பும் மாஸ்கோவில் ஒலித்தன. அது டாலுக்கே காணிக்கையாக்கப்பட்டது.

மூன்று தொழில்களும் கலந்ததன் விளைவைக் காட்ட அந்தக் கான்செர்ட்டோவின் முதல் நிமிடம் போதும். பியானோ தனியே தொடங்குகிறது: தாழ்ந்த எஃப் ஸ்வரம் கோயில் மணிபோல் அடிக்க, அதன்மேல் எட்டுத் தாளச் சுற்றுகள் வரை, அகன்ற நாதக்கூட்டுகள் மெல்லத் தொடங்கிப் பெருகி வருகின்றன. அவருடைய பெரிய கைக்கு அந்த அகலம் சாதாரணம். பல கலைஞர்கள் அவற்றைப் பிரித்துத்தான் வாசிக்க முடிகிறது. இனி பியானோ முழங்கப் போகிறது என்று எதிர்பார்க்கும் அந்தக் கணத்தில் பிரதான மெட்டைத் தந்தி வாத்தியங்கள் எடுத்துக்கொள்கின்றன. பியானோ கீழே இறங்கி அலையலையாகப் பக்கவாத்தியம் வாசிக்கிறது. கைத்திறனைக் காட்ட மட்டும் நினைக்கும் கலைஞர் தம் கான்செர்ட்டோவை இப்படித் தொடங்க மாட்டார். பாடகர்களுக்குச் சாடை காட்டிப் பழகிய ஒருவர் எழுதியது போலிருக்கிறது என்பது என் கணிப்பு. இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு: நடத்துநர் கவனிக்காமல் விட்டால் தந்திகளின் மெட்டுக்கும் பியானோவின் அலைக்கும் சமநிலை குலைந்து, தனிக்கலைஞர் கைகளை ஓட்டுவது கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காது.

1902இல் சாத்தின் வீட்டு அத்தை மகள் நடாலியாவை மணந்தார். நமக்கு அத்தை மகளைக் கட்டுவதில் விந்தை ஒன்றுமில்லை. ரஷ்யத் திருச்சபையோ அதைத் தடுத்தது. ஜாரின் அனுமதி வேண்டியிருந்தது. படைப்பிரிவு ஒன்றின் தேவாலயத்தில்தான் திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டு மகள் பிறந்தாள். குடும்பஸ்தருக்கு நிலையான சம்பளம் தேவைப்பட, 1904 இலையுதிர் காலத்தில் பல்ஷோய் அரங்கின் நடத்துநரானார்.

பல்ஷோயில் அவர் செய்த முதல் சீர்திருத்தம் நாற்காலியை நகர்த்தியது. அக்கால ரஷ்ய ஓபெராவில் நடத்துநர் மேடை விளிம்பை ஒட்டிப் பாடகர்களைப் பார்த்து உட்காருவார்; ஆர்க்கெஸ்ட்ரா அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பாடகரே ராஜா, வாத்தியக்காரர்கள் துணைக்கு வந்தவர்கள் என்ற மனநிலையின் இட ஒதுக்கீடு அது. ரக்மானினோவ் இருக்கையைப் பின்னுக்குக் கொண்டுவந்து ஆர்க்கெஸ்ட்ராவையும் மேடையையும் ஒருசேரத் தம் கண்முன் வைத்துக்கொண்டார். பாடகர்கள் முணுமுணுத்தார்கள். இன்று எந்த அரங்கிலும் அதுதான் ஒழுங்கு. 1906 ஜனவரியில் தம்முடைய ‘கஞ்சப் பிரபு’, ‘ஃபிரான்செஸ்கா’ என்னும் இரு குறு ஓபெராக்களை அங்கே தாமே நடத்தினார். ஷல்யாபினுக்காகவே எழுதிய பாத்திரங்களிலிருந்து ஷல்யாபின் விலகிவிட, பக்லானோவ் பாடினார். சம்பளமும் மரியாதையும் இருந்தும், அரங்கின் அன்றாட வேலை எழுதும் நேரத்தை விழுங்கிக்கொண்டிருந்தது; 1905 புரட்சியின் கொந்தளிப்பும் அரங்குக்குள் வந்துவிட்டது. இரண்டு பருவங்களோடு வேலையை விட்டுக் குடும்பத்துடன் டிரெஸ்டனில் போய்த் தங்கினார். இரண்டாம் சிம்பொனி அங்கேதான் எழுதப்பட்டது. 1908இல் பீட்டர்ஸ்பர்க்கில் அதை அரங்கேற்றியபோது கோலை இன்னொருவரிடம் கொடுக்கவில்லை.

1909இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது புதிதாக எழுதிய மூன்றாம் கான்செர்ட்டோவைச் சாதகம் செய்ய நேரம் கிடைத்திருக்கவில்லை. ஓசையெழுப்பாத பயிற்சிக் கட்டைப் பலகையைக் கப்பலில் கொண்டுபோய் விரலைப் பழக்கினார். இசையமைப்பாளர் எடுத்துக்கொண்ட மாதங்களைப் பியானோ கலைஞர் கடலில் ஈடுசெய்தார். நியூயார்க்கில் நவம்பர் 28 அன்று வால்டர் டாம்ரோஷ் நடத்த அது அரங்கேறியது. 1910 ஜனவரியில் மீண்டும் வாசித்தபோது நடத்தியவர் குஸ்தாவ் மாலர். பக்கவாத்தியம்தானே என்று விட்டுவிடாமல் ஒவ்வொரு சிறு பகுதியையும் மாலர் ஒத்திகை பார்த்ததையும், நேரம் கடந்தும் வாத்தியக்காரர்கள் எழாமல் உட்கார்ந்திருந்ததையும் ரக்மானினோவ் பிற்காலத்தில் வியந்து சொல்லியிருக்கிறார்.

புரட்சிக்குப்பின் நாட்டை விட்டு வந்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. 1918இல் பாஸ்டன் சிம்பொனி நடத்துநர் பதவியைத் தர முன்வந்தது: முப்பது வாரத்தில் 110 கச்சேரி. மறுத்தார். நடத்துநராக அவர் கைவசம் இருந்த உருப்படிகள் அதற்குப் போதாது. குடும்பத்தைக் காப்பாற்ற நம்பகமான வழி பியானோ. அன்றுவரை பெரும்பாலும் தம் இசையையே வாசித்து வந்தவர், பிறர் இசையைப் பாடம் பண்ணி முழுநேரக் கச்சேரிக் கலைஞரானார். விலை என்ன என்பதை, வெளியிடும் படைப்புகளுக்கு வரிசையாக இடப்படும் படைப்பு எண்களே சொல்லும்: ரஷ்யாவில் 39, அதற்குப்பின் கால் நூற்றாண்டில் ஆறு.

அந்த ஆறில் கடைசி, 1940இல் எழுதிய ‘சிம்பொனி நடனங்கள்’. அதன் முதல் பகுதி முடியும் இடத்தில் அதுவரை இல்லாத ஒரு மெட்டு, தந்திகளில் சாந்தமாக விரிகிறது. 1941 ஜனவரியில் பிலடெல்பியாவில் கேட்டவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வழியில்லை. 1943இல் அவர் இறந்தார். பின்னர் லெனின்கிராடு கன்சர்வேட்டரி நூலகத்தில் வாத்தியக்காரர்களின் பழைய தாள்கள் கிடைத்து, அவற்றிலிருந்து முதல் சிம்பொனியை மீட்டெழுதி, 1945 அக்டோபரில் மாஸ்கோவில் வாசித்தார்கள். வளைவுப் படிக்கட்டில் அவர் காதைப் பொத்திக்கொண்ட அந்தச் சிம்பொனியின் கடுமையான தலைமை மெட்டுத்தான், நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப்பின் அந்தத் தந்திகளில் கேட்டது.